சம்பளம் இல்லாத சனிக்கிழமை

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் எம்.எஸ்ஸி. டேட்டா சயின்ஸ் படிக்கப் போய் நாலு மாதம் ஆகிறது. வங்கிக் கடன் போதாமல் நகையையும் அடகு வைத்து அனுப்பினோம். வாரத்தில் இரண்டு நாள் சாயந்திரம் ஒரு ஓட்டலில் ஐந்தைந்து மணி நேரம் வேலை செய்கிறாள். அது சரி. ஆனால் போன மாதத்திலிருந்து சனிக்கிழமை தோறும் மதியம் 12 முதல் 4 வரை ஏதோ ஒரு தர்ம அமைப்பின் பழைய துணிக்கடையில் சம்பளம் வாங்காமல் நிற்கிறாளாம். கேட்டால், "வாலண்டியரிங்மா, உனக்குப் புரியாது" என்கிறாள். காலேஜில் என்.எஸ்.எஸ். முகாமுக்கு அனுப்பவே யோசித்தவள் நான். இதனால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? அந்த நேரத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் வட்டியாவது கட்டலாம் அல்லவா? இதில் அவளுக்கு என்னதான் லாபம்? (ஒரு தாய், ராசிபுரம்)

பதில்:

வணக்கம் அம்மா.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். என்னிடம் வந்து கேள்வி கேட்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். ஊரில் இருக்கும் அம்மா ஒருவர் எழுதிக் கேட்பது அபூர்வம். "உனக்குப் புரியாது" என்று மகள் சொன்னது உங்களுக்கு உறுத்தியிருக்கும். நீங்கள் கேட்ட மூன்றுமே நியாயமான கேள்விகள். அவற்றில் இரண்டை உங்கள் மகளே இன்னும் யோசித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

முதலில் விசா. மாணவர் விசாவில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிப்பவர்கள், படிப்புப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த 20 மணி நேரத்தில் சம்பளமில்லாத உழைப்பும் சேருமா என்பதில்தான் குழப்பம். இந்த நாட்டு விதிகள் இதை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று 'வாலண்டியரிங்', இன்னொன்று 'வாலண்டரி ஒர்க்'. காதில் விழ இரண்டும் ஒன்று போல இருக்கும். ஒப்பந்தம் கிடையாது, போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாட்டுச் செலவும் தவிர வேறு காசோ பொருளோ கிடையாது, சம்பளத்துக்கு இருக்க வேண்டிய ஒரு ஆளின் இடத்தை நிரப்பவில்லை, தர்ம அமைப்புக்கோ பொதுத்துறைக்கோ செய்யும் உதவி என்றால் அது முதல் வகை. அது 20 மணி நேரக் கணக்கில் வராது. சம்பளம் இல்லாவிட்டாலும், இந்த நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் போல் கட்டுப்படுத்தினால் அது இரண்டாவது வகை. அது கணக்கில் வந்துவிடும்.

தர்ம அமைப்புகளின் கடைகளில் மாணவர்கள் நிற்பது சாதாரணமாக முதல் வகைதான். உங்கள் மகள் விஷயத்தில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. ஓட்டலில் 10 மணி நேரம், கடையில் 4. கணக்கில் சேர்ந்தால்கூட 14 தான் ஆகிறது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அவளைத் தன் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகர்களிடம் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது. விசா ஆலோசனை சொல்ல இங்கே சட்டப்படி தகுதி வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சீனியர் அண்ணன் சொன்னதை நம்பி நடந்து, அப்புறம் அழுதுகொண்டு என் அறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

இதே பேச்சில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் முதுகலை மாணவி. இளங்கலை பிள்ளைகளுக்குக் கோடையில் நீண்ட விடுமுறை உண்டு, அப்போது முழுநேர வேலை செய்யலாம். ஒரு வருட முதுகலைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம். அதுவும் படிப்புக் காலம்தான், 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. இதில் தவறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, லாபத்துக்கு நடக்கும் ஒரு கம்பெனி "மூன்று மாதம் சம்பளமில்லாமல் வேலை செய், அனுபவம் கிடைக்கும்" என்று கூப்பிட்டால் அதை வாலண்டியரிங் என்று நம்ப வேண்டாம். அது வேலை. விசாக் கணக்கில் வரும், பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கும் முரணாக இருக்கும். அந்த மாதிரி அழைப்பு வந்தால் மட்டும் நீங்கள் கோபப்படலாம், நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுவேன்.

அடுத்து பணம். இதை மழுப்ப விரும்பவில்லை. 2025 ஏப்ரலில் இங்கே 21 வயது நிறைந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் நாலு மணி நேரம் என்றால் ஒரு சனிக்கிழமைக்கு 49 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மாதத்துக்குக் கூட்டினால் உங்கள் வட்டியில் ஒரு பங்குக்குக் காணும். வீட்டில் நிலைமை நெருக்கடி என்றால், அடுத்த மாதத் தவணைக்கு வழியில்லை என்றால், அதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சனிக்கிழமையை விட்டுவிட்டுச் சம்பள வேலைக்குப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. வாலண்டியரிங் செய்யாதவர்கள் கெட்டுப் போவதில்லை. ஆனால் வருடக் கடைசியில் நகையை மீட்கப் போவது இந்த 49 பவுண்ட் இல்லை, படிப்பு முடிந்து கிடைக்கும் வேலை. அதனால் மூன்றாவது கேள்விக்கு நிதானமாக வருகிறேன்.

இங்கே வந்து இறங்கும் நம் பிள்ளைகளின் ஒரு வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேரும் தமிழோ மலையாளமோ தெலுங்கோ. வகுப்பில் பாதிக்கு மேல் நம் நாட்டவர்கள். சாயந்திரம் ஓட்டல் அடுக்களையில் அல்லது கோடவுனில் வேலை, அங்கும் நம்மவர்கள். காய்கறி வாங்குவது நம் மளிகைக் கடையில். இதில் எதுவும் தப்பில்லை, வந்த புதிதில் அதுதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் ஒரு வருடம் முழுக்க இங்கே இருந்துவிட்டு, இந்த ஊர்க்காரர் ஒருவரிடம்கூடப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசாமல் திரும்பிப் போனவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களுடைய ஆங்கிலம் வந்தபோது இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் மகளின் கடைக்கு வருவோம். சாரிட்டி ஷாப் என்று பெயர். அந்த மாதிரிக் கடைகளின் பின்னறைகளுக்கு மாணவர்களைப் பார்க்க நானே போயிருக்கிறேன். கறுப்புப் பைகளில் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் உதறி, ஜிப் ஏறுகிறதா, பித்தான் எல்லாம் இருக்கிறதா, அக்குள் பக்கம் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேறாதது பழந்துணி மூட்டைக்குப் போகும், அதையும் எடைக்கு விற்றுக் காசாக்குவார்கள். தேறியதை ஹேங்கரில் மாட்டி, நீராவிக் கருவியால் சுருக்கம் எடுத்து, விலைச்சீட்டு குத்தி முன்கடைக்கு அனுப்ப வேண்டும். தையல் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் துணியைத் தொட்ட உடனேயே தரம் சொல்லிவிடுவார்கள், அந்த விஷயத்தில் நம் பெண்களுக்கு நல்ல மதிப்பு.

பணப்பெட்டிப் பக்கம் நிற்கும்போது இன்னொரு வேலை. துணி கொண்டுவந்து கொடுப்பவர் ஒவ்வொருவரிடமும் "கிஃப்ட் எய்ட் செய்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். கொடுப்பவர் இந்த நாட்டில் வருமான வரி கட்டுபவராக இருந்து, படிவத்தில் சம்மதம் சொன்னால், அந்தப் பொருள் விற்ற காசில் பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அந்த அமைப்புக்கு அரசாங்கத்திடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும். இதை முன்பின் தெரியாதவரிடம், அவர் அவசரத்தில் இருக்கும்போது, புரிகிற மாதிரி, மரியாதையாக, இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமையில் இருபது முப்பது தடவை சொல்ல வேண்டியிருக்கும். காசு கொடுத்து எந்த ஆங்கில வகுப்பில் சேர்ந்தாலும் இந்தப் பயிற்சி கிடைக்காது.

நாட்டிங்ஹாம் பக்கத்து வயதானவர்கள் எதிரில் இருப்பவரை 'டக்' என்று கூப்பிடுவார்கள். வாத்து என்றுதான் அர்த்தம். உங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்கள் 'கண்ணு' என்று கூப்பிடுவது போலத்தான் அது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்த எந்தப் புத்தகத்திலும் உங்கள் மகள் அதைப் பார்த்திருக்க மாட்டாள். அதே போல "ஆல்ரைட்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கடந்து போவார். உடம்பு சரியில்லாதவள் மாதிரித் தெரிகிறேனோ என்று புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு வாரம் கவலைப்பட்டதாக என்னிடம் சொன்னாள். அது வெறும் வணக்கம், திரும்ப "ஆல்ரைட்" என்றால் போதும். சின்ன விஷயம்தான், ஆனால் இது தெரியாமல் நேர்காணலுக்குப் போகும் பிள்ளை வாசலிலேயே தடுமாறிவிடும்.

அப்புறம் டீ. பின்னறையில் ஒரு கெட்டில் இருக்கும். முதல் வாரம் புதியவருக்கு மற்றவர்கள் டீ போட்டுக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அவள் போட வேண்டிய முறை வரும். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்குப் பால் கொஞ்சமாக என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் பரிமாறும்போது யார் எந்த வரிசையில் சர்க்கரை இல்லாமல் சாப்பிடுவார் என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்குதான் இது. நம் ஊரில் பந்தியில் பரிமாறுகிறவரிடம் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வாளியைத் தூக்கியவர் அந்த வீட்டு மனிதர் ஆகிவிடுகிறார். இந்த நாட்டில் முன்பின் தெரியாத ஊருக்குள் அப்படி நுழைய மாணவர்களுக்கு நான் கண்ட நல்ல வாசல் இதுதான். இங்கே யாரும் வீட்டுக் கதவைத் தட்டி அழைக்க மாட்டார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தால் பேசுவார்கள்.

என்.எஸ்.எஸ். பற்றி எழுதியிருந்தீர்கள். காந்தி நூற்றாண்டில், 1969-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம் கல்லூரிப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் போய் வந்திருக்கிறார்கள். ஏழு நாள் முகாமுக்குத் தோழிகளோடு கும்பலாகப் போய், குளத்தைச் சுத்தம் செய்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு வருவார்கள். உங்கள் மகள் இப்போது செய்வது அதைவிடக் கஷ்டமானது. தனியாகப் போகிறாள். யாரும் அனுப்பவில்லை, மார்க் கிடையாது. முதல் நாள் அந்தக் கடைக் கதவைத் தள்ளும்போது அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். "சாரிட்டி ஷாப் வாலண்டியர்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினால் டேட்டா சயின்ஸ் வேலை கிடைக்குமா? கிடைக்காது. வேலை விசாவுக்குப் பொறுப்பேற்று ஸ்பான்சர் செய்யும் கம்பெனி இதைப் பார்த்துக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் இங்கத்திய நேர்காணல்களில் பாதிக் கேள்வி வேறு மாதிரி இருக்கும். "கோபமாக வந்த ஒருவரைச் சமாளித்த சம்பவத்தைச் சொல்லுங்கள்", "உங்களைவிட வித்தியாசமான ஆட்களோடு சேர்ந்து வேலை செய்ததைச் சொல்லுங்கள்" என்பார்கள். ப்ளஸ் டூ, இன்ஜினீயரிங், அப்புறம் நேராக எம்.எஸ்ஸி. என்று வந்த பிள்ளை இந்த இடத்தில் கல்லூரி ப்ராஜெக்டைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லும். ரசீது இல்லாமல் கோட் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்ட ஆளை நான் இப்படிச் சமாளித்தேன் என்று சொல்ல ஒரு கதை இருந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதோடு, இங்கே வேலைக்கு எடுக்கும் முன் இரண்டு பேரிடம் உங்களைப் பற்றி விசாரிப்பது வழக்கம். ஒருவர் பேராசிரியர் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொருவருக்குப் பல மாணவர்கள் திண்டாடுகிறார்கள். ஆறு மாதம் நேரம் தவறாமல் வந்தாள் என்று எழுதிக் கொடுக்கக் கடை மேலாளர் ஒருவர் இருப்பது சாதாரண உதவி இல்லை.

தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். வேலைக்கு நாற்பது ஐம்பது விண்ணப்பம் போட்டு ஒன்றுமே நடக்காமல் நொந்து போயிருந்தான். வாரம் ஒரு நாள் மட்டும் உணவு வங்கிக்குப் போய்ப் பார் என்றேன். வருமானம் போதாத குடும்பங்களுக்கு மூன்று நாளைக்கான உணவுப் பொருளைப் பெட்டியில் கட்டிக் கொடுக்கும் இடம். மக்கள் கொடுக்கும் டின்களை எடை போட்டு, காலாவதித் தேதி பார்த்து, தேதியைப் பெரிதாக மேலே எழுதி, மாத வாரியாகக் கூடையில் பிரிப்பார்கள். அவன் முதல் மாதம் பீன்ஸ் டின்களை அடுக்கினான். இரண்டாவது மாதம், எந்தக் கூடை எப்போது காலாவதியாகும் என்பதைக் கையால் எழுதும் நோட்டைப் பார்த்துவிட்டு, அந்த வயதான ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு எக்செல் தாள் செய்து கொடுத்தான். அதைப் பயன்படுத்த அவருக்கு மூன்று வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். பிறகு ஒரு நேர்காணலில் அவனுடைய ஆய்வேட்டைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டவர்கள், இந்தத் தாளைப் பற்றி இருபது நிமிடம் கேட்டார்களாம். யாருக்காகச் செய்தாய், அவர்களுக்கு எது புரியவில்லை, எதை மாற்றினாய் என்று. வேலை அந்த இடத்தில் கிடைத்தது. எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் உங்கள் மகள் படிப்பதும் அதே துறை என்பதால் சொல்கிறேன். கடையில் எந்தக் கிழமை எந்தப் பொருள் அதிகம் போகிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலமும் குறைவு. படிப்பு முடிந்தபின் இங்கே தங்கி வேலை தேட இரண்டு வருட விசா இருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். ஊரைத் தெரிந்துகொள்வதைப் படிப்பு முடிந்த பிறகு என்று தள்ளிப் போட்டால் அந்த மாதங்கள் அதிலேயே கரைந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. டிசம்பரில் நாட்டிங்ஹாமில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். திரை போட்ட அறை, லேப்டாப், தனிமை. பிள்ளைகள் வீடியோ காலில் சிரித்துப் பேசுவார்கள், வைத்த பிறகு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வர மாட்டார்கள். வகுப்புக்கு வராவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மின்னஞ்சல் போகும். கடைக்கு வராவிட்டால் ஒரு ஆள் தேடுவார். காய்ச்சலில் கிடந்த ஒரு மாணவிக்குச் சனிக்கிழமை சாயந்திரம் கடை மேலாளர் அம்மா மாத்திரையும் சூப்புமாக வந்து கதவைத் தட்டினார். அந்த வீட்டில் கூடத் தங்கியிருந்த நாலு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். உங்கள் மகளை வாரத்தில் நாலு மணி நேரம் எதிர்பார்க்கும் ஆட்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். கேட்டீர்களே லாபம் என்று, நான் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சில எச்சரிக்கை. படிப்பில் பின்தங்கினால் கடையை நிறுத்தலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மாதம் ஒரு தடவையாக மாற்றிக் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். வாலண்டியராகச் சேர்வதற்குப் பணம் கட்டச் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நாளைக்குக் குழந்தைகளோடோ முதியவர்களோடோ வேலை செய்யும் இடத்துக்கு மாற நினைத்தால் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை கேட்கக்கூடும். வாலண்டியருக்கு அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அவள் இங்கே வந்து கொஞ்ச காலமே ஆவதால் இந்தியாவிலிருந்து போலீஸ் தடையின்மைச் சான்றும் கேட்கலாம், அதற்கு நாளாகும். நாலு மணி நேரம் அதிகம் என்று பட்டால் பார்க்ரன் என்ற பூங்கா ஓட்டம் இருக்கிறது. 2004-ல் லண்டன் புஷி பூங்காவில் பதிமூன்று பேரோடு தொடங்கியது, இப்போது ஊர் ஊராகச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நடக்கிறது. ஓட வேண்டும் என்றில்லை. பளிச்சென்ற மேலங்கி போட்டுத் திருப்பத்தில் நின்று, ஓடுகிறவர்களைக் கைதட்டி வழி காட்டினால் போதும், பத்தரைக்குள் முடிந்துவிடும்.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் அம்மா. அவளிடம் "ஏன் போகிறாய்" என்று இனிமேல் கேட்க வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் அவளுக்குச் சாயந்திரம் 4 மணி என்றால் உங்களுக்கு ராத்திரி ஒன்பதரை. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் உங்களுக்கு எட்டரை. கடையை விட்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் நேரம் அது. அப்போது கூப்பிட்டு, இன்றைக்கு யார் டீ போட்டது என்று கேளுங்கள்.